தாய்லாந்துக் கல்யாணம்: சடங்கு மட்டும் போதுமா, ஆம்ஃபோவில் (வட்டார அரசு அலுவலகத்தில்) பதிவும் வேண்டுமா?

ரயோங்_கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். ரயோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கட்டிக்கொள்ளப் போகும் பெண் கோன்கேன் பக்கத்துக் கிராமம். பிக்குகளின் மழைக்காலத் தவம் முடிந்த பிறகு, நவம்பரில், பெண் வீட்டிலேயே கல்யாணம் வைத்திருக்கிறார்கள். காலையில் பிக்குகள் வந்து ஓதுவார்கள், அப்புறம் கன்மாக் என்ற மாப்பிள்ளை ஊர்வலம், பாய்ஸ்ரீ சடங்கு, மணிக்கட்டில் நூல் கட்டுதல், மதியம் ஊருக்கே சாப்பாடு.

சட்டப் பதிவு பற்றிக் கேட்டால் மட்டும் பெண்ணின் அம்மா "அது மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அந்த வீட்டிலேயே மூத்த பெண்கள் இருவரும் பதியாமல்தான் குடும்பம் நடத்துகிறார்கள். மதுரையில் என் அப்பாவும் அதையேதான் சொல்கிறார்: பெரியவர்கள் முன்னால் நடந்துவிட்டால் அதுதான் கல்யாணம், சர்டிபிகேட் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

சடங்கு முடிந்த அன்றே சட்டத்தின் கண்ணில் நாங்கள் கணவன் மனைவி ஆகிவிடுவோமா? பதிவைத் தள்ளிப்போட்டால் என்ன நஷ்டம்? பெண்ணின் பெற்றோருக்குக் கொடுக்கும் சின்சோட் பணம் 3 லட்சம் பாத் என்று பேசியிருக்கிறார்கள், அதைக் கொடுத்தால் அதற்கு ஏதாவது சட்ட மதிப்பு உண்டா?

---

சீலோம்_சுந்தரம்:

கார்த்தி தம்பி, ஆக மாட்டீர்கள். தாய்லாந்து சிவில் மற்றும் வணிகச் சட்டத்தின் 1457ஆம் பிரிவு, பதிவு செய்தால் மட்டுமே திருமணம் என்கிறது. அடுத்த பிரிவு, இருவரும் பதிவாளர் முன்னால் வெளிப்படையாகச் சம்மதம் சொல்ல வேண்டும், அதை அவர் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. ஒன்பது பிக்குகள் ஓதியிருக்கலாம், ஆயிரம் பேர் சாப்பிட்டிருக்கலாம். அதெல்லாம் அந்தச் சட்டத்தில் கணக்கே இல்லை.

உங்கள் அப்பா சொல்வது நம் ஊர் வழக்கம், அதனால்தான் இந்தக் குழப்பம். இந்து திருமணச் சட்டப்படி அங்கே சடங்குதான் கல்யாணத்தை உண்டாக்குகிறது. தமிழ்நாட்டின் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சுயமரியாதைத் திருமணத்தில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். பதிவு என்பது நடந்த கல்யாணத்துக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். இங்கே பதிவேதான் கல்யாணம். அந்தப் பழைய எண்ணத்தோடு இங்கு வந்து பல வருடம் வாழ்ந்துவிட்டு, ஆஸ்பத்திரியிலோ நிலப்பதிவு அலுவலகத்திலோ நின்று "நான் மனைவி இல்லையா?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த நாட்டிலும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1935 அக்டோபர் 1 வரை பழைய முச்சின்னச் சட்டம் இருந்தது. 1805இல் முதலாம் ராமா காலத்தில் தொகுத்தது. அதன்படி ஓர் ஆண் பல மனைவியரை வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் கொடுத்த பெரிய மனைவி, அவரே கொண்டுவந்த சின்ன மனைவி, விலைக்கு வாங்கிய அடிமை மனைவி என்று தரம் பிரித்தே எழுதியிருந்தது. யார் மனைவி என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம், பதிவேடு கிடையாது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற சட்டம் வந்தபோது யார் அந்த ஒருத்தி என்பதைத் தீர்மானிக்கப் பதிவேடு தேவைப்பட்டது. சட்டம் மாறிவிட்டது. கிராமங்களில் மனம் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதனால் உங்கள் மாமியார் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர் ஏமாற்றவும் இல்லை.

---

சியாங்மாய்_லதா:

சுந்தரம் அண்ணா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் சடங்குப் பக்கம் சொல்கிறேன். என் கணவர் இங்கத்துக்காரர், அதனால் இரண்டையும் உள்ளேயிருந்து பார்த்தவள்.

நம் ஆட்கள் பலர் பிக்குகள் கல்யாணம் செய்து வைக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை. இங்குள்ள தேரவாத பௌத்தத்தில் திருமணத்துக்கு மதச் சடங்கே கிடையாது. ஆண் பெண்ணுக்கு இடையே தூது போய்ச் சேர்த்து வைப்பது பிக்குவுக்குச் சங்காதிசேஷம் என்ற பெரிய குற்றம். அவர்கள் காலையில் வருவார்கள், பரித்தம் என்ற காப்பு மந்திரம் ஓதுவார்கள், மணமக்கள் ஒரே கரண்டியைச் சேர்ந்து பிடித்து அன்னமிடுவார்கள், ஆசி நீர் தெளித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது புண்ணியம் சேர்க்கும் காரியம். ஒன்பது பேரை அழைப்பதுதான் அதிகம், ஒன்பது இங்கே முன்னேற்றத்துக்கான எண்.

கல்யாணம் என்று குடும்பங்கள் நினைப்பது அதற்குப் பிறகு நடப்பதைத்தான். மத்தியத் தாய்லாந்தில் இரண்டு தலையையும் ஒரே நூல் வளையத்தால் இணைத்து, கூப்பிய கைகளில் பெரியவர்கள் சங்கால் நீர் ஊற்றுவார்கள். அது பிராமண வழியில் வந்தது. உங்கள் கோன்கேன் இசான் என்ற வடகிழக்குப் பகுதி. அங்கே வாழையிலையில் பின்னிய பாய்ஸ்ரீயை நடுவில் வைத்து, ஊரில் மந்திரம் தெரிந்த ஒரு முதியவர் உயிரை அழைத்து உடம்பில் நிறுத்துவார். பிறகு வந்திருக்கும் ஒவ்வொருவரும் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி ஒரு வார்த்தை வாழ்த்துவார்கள். கார்த்தி, அந்த நூலை உடனே கத்தரித்து விடாதே. மூன்று நாளாவது கையில் இருக்க வேண்டும்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், சட்டத்தில் மதிப்பில்லை என்பதால் இதை ஒரு நாள் கூத்தாக நினைத்துவிடக் கூடாது. கன்மாக் ஊர்வலத்தில் நீ வாழைக்கன்றும் கரும்பும் மேளமுமாக வரும்போது, பெண்ணின் உறவினர்கள் தங்கச் சங்கிலியைக் குறுக்கே பிடித்து வழி மறிப்பார்கள். பண உறை கொடுத்துத்தான் ஒவ்வொரு வாசலையும் தாண்ட வேண்டும். அன்று அந்தத் தெரு முழுக்க உன்னை மருமகன் என்று ஏற்கிறது. நாளைக்கு உனக்கு உடம்பு சரியில்லை என்றால் சோறு கொண்டு வருபவர்கள் அவர்கள். பதிவாளரால் அதைக் கொடுக்க முடியாது.

---

சீலோம்_சுந்தரம்:

லதா சொல்வது சரி, ஒரு வார்த்தை மறுக்கமாட்டேன். சடங்கை விடச் சொல்லவில்லை. சடங்கு முடிந்துவிட்டது என்று பதிவை விடாதே என்கிறேன்.

சின்சோட் கேள்விக்கு வருகிறேன். சட்டம் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறது. கோங்மான் என்பது நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் பொருள். அது கைமாறாமல் நிச்சயம் செல்லாது, நிச்சயமானதும் பெண்ணுக்கே சொந்தம். சின்சோட் என்பது பெண் சம்மதித்ததற்காகப் பெற்றோருக்குக் கொடுப்பது. இரண்டும் 1437ஆம் பிரிவில் இருக்கிறது. பெண் பக்கத்துக் காரணத்தால் கல்யாணம் நடக்காமல் போனால் சின்சோடைத் திருப்பிக் கேட்கலாம். இங்கேதான் பலர் விழுகிறார்கள். "கல்யாணம் நடப்பது" என்றால் பதிவு நடப்பது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் நிலை இது: பதியும் எண்ணமே இல்லாமல் இரு தரப்பும் சடங்கு மட்டும் நடத்தியிருந்தால், கொடுத்த பணம் சட்டம் சொல்லும் சின்சோடே அல்ல, திருப்பிக் கேட்க முடியாது. பதிவதாகப் பேசி, பிறகு பெண் மறுத்தால் கேட்கலாம். மேடையில் தட்டில் பரப்பி எண்ணிக் காட்டும் அந்தப் பணத்தின் சட்டத் தன்மையே பதிவு பற்றி என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

---

ஹுவாஹின்_ராமநாதன்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கமும் வரட்டும். என் வயது 60க்கு மேல். துணைவிக்கு முன் மணத்தில் வளர்ந்த பிள்ளைகள், எனக்கும் ஊரில் பிள்ளைகள். நாங்கள் வேண்டுமென்றேதான் பதியவில்லை. வீட்டில் பிக்குகளுக்கு உணவிட்டோம், நூல் கட்டிக்கொண்டோம். சொத்தை உயிலில் எழுதிவிட்டோம். தாய்லாந்துச் சட்டத்தில் உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் முழுவதையும் கொடுக்கலாம். பதிந்தால் மணவாழ்வில் சம்பாதித்தது எல்லாம் சின்சொம்ரோட், பொதுச்சொத்து, பிரிந்தால் பாதிப் பாதி. வியாபாரம் செய்பவர்கள் கடன் பயத்திலும் பதியாமல் இருக்கிறார்கள். வெளிநாட்டானைக் கட்டினால் பெண் நிலம் வாங்கும்போது சிக்கல் என்றும் பதிவதில்லை. இவர்களெல்லாம் அறியாமையில் இருக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள்.

---

சீலோம்_சுந்தரம்:

ராமநாதன் ஐயா, நீங்கள் தெரிந்து முடிவெடுத்து உயிலும் எழுதியிருக்கிறீர்கள். அதை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன காரணங்களில் இரண்டு நிற்காது.

கடன்: பதிந்துவிட்டால் கணவனின் எல்லாக் கடனும் மனைவி தலையில் விழாது. 1490ஆம் பிரிவு கூட்டுக்கடன் எது என்று வரையறுக்கிறது. வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, பொதுச்சொத்து சம்பந்தப்பட்டது, சேர்ந்து செய்த தொழில், மற்றவர் ஒப்புக்கொண்டது. தனிச் சூதாட்டக் கடன் அதில் வராது. நிலம்: வாங்கும்போது இருவரும் சேர்ந்து, இந்தப் பணம் தாய்லாந்துக்காரரின் சொந்தப் பணம் என்று கையெழுத்திட வேண்டும். பதியாமல் சேர்ந்து வாழும் வெளிநாட்டவருக்கும் அந்த விதி பொருந்தும். ஆக, பதியாமல் தப்பிக்கிறோம் என்பது நினைப்பு மட்டும்தான்.

கார்த்திக்கு வயது முப்பதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளை பிறக்கும். அவர் கவலைப்பட வேண்டியது அதைத்தான். 1546ஆம் பிரிவின்படி பதியாத தம்பதிக்குப் பிறக்கும் குழந்தை சட்டப்படி தாயின் குழந்தை மட்டுமே. பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் கார்த்தி என்று எழுதியிருக்கும். ஆனாலும் அவர் சட்டப்படி தகப்பன் அல்ல. குழந்தையை வைத்து வளர்க்கும் உரிமை இல்லை. நாளைக்குச் சண்டை வந்தாலோ, கடவுள் காக்க, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனாலோ, தன் குழந்தையை வைத்துக்கொள்ள அவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். ஆம்ஃபோவில் தகப்பனாகப் பதிய வழி உண்டு, அதற்குத் தாயும் குழந்தையும் சம்மதிக்க வேண்டும். சம்மதம் சொல்லும் வயது வராத குழந்தை என்றால் மறுபடி நீதிமன்றம்தான். பிறகு பெற்றோர் திருமணத்தைப் பதிந்தால் பிறந்த நாளிலிருந்தே சட்டபூர்வக் குழந்தை ஆகிவிடும். அவ்வளவு எளிதான ஒன்றை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

பெண் பக்கமும் பாருங்கள். பதியாத கணவன் உயில் எழுதாமல் போய்விட்டால் அவள் வாரிசு அல்ல. சேர்ந்து உழைத்துச் சம்பாதித்தது என்று நிரூபித்தால் இணை உரிமையாளராகப் பங்கு கேட்கலாம். நிரூபிக்க வேண்டிய சுமை அவளுடையது. பதிந்த மனைவி பொதுச்சொத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியில் பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு பங்கும் பெறுவாள். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஊரறியச் சடங்கு செய்து பல வருடம் வாழ்ந்தவளை விட்டுவிட்டு அவன் இன்னொருத்தியை ஆம்ஃபோவில் பதிந்தால், சட்டத்தில் அவள்தான் மனைவி. முதலாமவள் அன்றிலிருந்து வெளியாள். இதனால்தான் "அவசரமில்லை" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மனம் பதறுகிறது. தள்ளிப்போடுவதன் விலையை அதிகம் கொடுப்பவர்கள் பெண்கள்.

---

ஹாட்யாய்_ஹாஜா:

நம் முஸ்லிம் சகோதரர்களுக்காக ஒரு விஷயம். பத்தானி, யாலா, நராதிவாட், சத்துன் ஆகிய நான்கு மாகாணங்களில் முஸ்லிம்களின் குடும்ப வழக்கு, வாரிசு வழக்குகளுக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இஸ்லாமியச் சட்டம் பொருந்தும். நீதிமன்றத்தில் நீதிபதியோடு தாத்தோ யுத்திதாம் எனப்படும் காஜியும் உட்காருவார். அங்கே நிக்காஹ்வுக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் நான் இருக்கும் ஹாட்யாய் சொங்க்லா மாகாணம். தெற்கேதான் இருக்கிறது, நிறைய முஸ்லிம்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் அந்த நான்கில் இல்லை. பாங்காக்கும் இல்லை. இங்கே பள்ளிவாசலில் நிக்காஹ் எழுதிக்கொண்டவர்களும் ஆம்ஃபோவுக்குப் போகத்தான் வேண்டும். நம் வியாபாரிகள் குடும்பங்களில் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு.

---

இளவேனில்_பாங்காக்:

"வெறும் காகிதம்" என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நானும் என் துணைவியும் பெண்கள். அவள் பாங்காக்கைச் சேர்ந்தவள். எங்களுக்குச் சடங்கு பிரச்சினையாகவே இருந்ததில்லை. அவள் அம்மாவே நூல் கட்டினார், அத்தைமார் சங்கால் நீர் ஊற்றினார்கள். சமூகம் தந்துவிட்டது, சட்டம்தான் தரவில்லை.

திருமணச் சமத்துவச் சட்டம் 2024 மார்ச்சில் கீழவையிலும் ஜூன் 18இல் செனட்டிலும் நிறைவேறி, செப்டம்பர் 24இல் அரசிதழில் வந்து, 2025 ஜனவரி 23இல் நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண் என்று இருந்த இடத்தில் இரண்டு நபர்கள் என்று மாறியது. குறைந்தபட்ச வயதும் 17இலிருந்து 18 ஆனது. முதல் நாளிலேயே நாடு முழுக்க 1,800 ஜோடிகளுக்கு மேல் பதிந்தார்கள், பாங்காக்கின் சியாம் பாரகான் வணிக வளாகத்தில் பெரிய கூட்டம். இருபது, முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த முதியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்திடும் உரிமை, வாரிசுரிமை, சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. இன்னும் முழுமை இல்லை. தந்தை, தாய் என்ற சொற்களைப் பெற்றோர் என்று மாற்றும் கோரிக்கை ஏற்கப்படவில்லை, அதனால் பிள்ளைகள் விஷயத்தில் போராட்டம் மிச்சம் இருக்கிறது. கேட்டும் கிடைக்காமல் இருந்தவள் சொல்கிறேன், கையில் கிடைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள் கார்த்தி.

---

ரயோங்_கார்த்தி:

எல்லோருக்கும் நன்றி. குழந்தை பற்றிய பகுதியை அவளுக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவின் கணவரும் இப்போது யோசிக்கிறாராம்.

பதிவது என்று முடிவு. இனி நடைமுறை சொல்லுங்கள். சடங்குக்கு முன்னாலா, பின்னாலா? மதுரையிலும் ஒரு கல்யாணம் வைக்கிறார்கள், அங்கேயே பதிந்தால் இங்கே செல்லுமா?

---

மொழிபெயர்ப்பு_செல்வி:

இந்தக் காகிதங்களோடுதான் என் பிழைப்பு, விவரமாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டவர் முதலில் தன் நாட்டுத் தூதரகத்தில், திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்று வாங்க வேண்டும். அதற்கு அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது தூதரகத்துக்குத் தூதரகம் மாறும், நேரில் கேட்டுவிடுங்கள். அதைத் தாய் மொழியில் பெயர்த்து, சேங் வத்தனா சாலையில் இருக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறையில் சான்றொப்பம் வாங்க வேண்டும். அப்புறம் நாட்டில் எந்த ஆம்ஃபோவிலும், பாங்காக்கில் எந்தக் கெட் (நகர வட்டார) அலுவலகத்திலும் பதியலாம். பெண் பிறந்த ஊர்தான் என்றில்லை. பாஸ்போர்ட்டும் மொழிபெயர்ப்பும், பெண்ணின் அடையாள அட்டை, வீட்டுப் பதிவுப் புத்தகம், இரண்டு சாட்சிகள். அலுவலகத்தில் பதிய கட்டணம் இல்லை. வெளிநாட்டவர் பதிவு அதிகம் நடக்காத சிறிய ஆம்ஃபோவில் கூடுதல் காகிதம் கேட்பார்கள், முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள்.

கோ.ரோ. 3 என்பது அலங்காரப் பூ வரைந்த சான்றிதழ், ஆளுக்கொன்று கிடைக்கும். கோ.ரோ. 2 பதிவேட்டு நகல். விசாவுக்கு அதையும் கேட்பார்கள், விட்டுவிட்டு வராதீர்கள். நீங்கள் இருப்பது வேலை விசாவில். வேலை போனால் அதுவும் போகும். மனைவி வழி விசாவுக்குப் பதிவு வேண்டும், வங்கியில் 4 லட்சம் பாத் அல்லது மாதம் 40,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். மனைவிக்குப் பிற்காலத்தில் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை எடுக்கும் எண்ணம் இருந்தால், திருமணம் பதிவாகி 2 ஆண்டு தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் கேட்கிறது.

சொத்து ஒப்பந்தம் எழுதுவதாக இருந்தால் பதியும் அதே நேரத்தில் கொடுத்து, பதிவேட்டிலேயே ஏற்ற வேண்டும். பிறகு எழுதினால் செல்லாது.

மதுரைக் கல்யாணம்: வெளிநாட்டில் அந்த நாட்டுச் சட்டப்படி நடந்த திருமணத்தையும் 1459ஆம் பிரிவு ஏற்கிறது. அதன் காகிதங்களை மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்கி, ஆம்ஃபோவில் கோ.ரோ. 22 என்ற குடும்பப் பதிவில் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நிலையில் இங்கே நேரடியாகப் பதிவதுதான் குறைந்த அலைச்சல்.

முன்னாலா பின்னாலா என்றால் முன்னால். சடங்கு முடிந்தால் எல்லோரும் களைத்துப் போவார்கள், பதிவு அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

---

சியாங்மாய்_லதா:

நாள் மட்டும் பெண்ணின் அம்மாவிடம் கேட்டுக் குறியுங்கள். பதிவுக்கும் நல்ல நாள் பார்ப்பார்கள் இங்கே. பிப்ரவரி 14 அன்று பாங்ராக் கெட் அலுவலகத்தில் விடியற்காலையிலிருந்தே வரிசை நிற்கிறதே. அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட வையுங்கள். தங்களை விட்டுவிட்டு நடக்கும் காரியம் என்ற தயக்கம்தான் பல வீடுகளில் "அப்புறம்" என்று வருகிறது.

---

ரயோங்_கார்த்தி:

அக்கா சொன்னபடியே கேட்டேன். அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறார். கோன்கேன் ஆம்ஃபோவுக்குப் போன் செய்தாயிற்று, சான்றொப்பம் இருந்தால் போதும் என்றார்கள். செல்வி அக்கா, மொழிபெயர்ப்புக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.